கோல்ஃப் பயிற்சிப் பள்ளியில் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் பள்ளியில் சேர நினைப்பவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். செலவு, கூச்சம், முதுகுவலி, அப்புறம் ‘மூன்று நாளில் ஆட வந்துவிடுமா?’ என்ற ஆசை. இங்கே உள்ள பதில்கள் வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கையர் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கோல்ஃப் பள்ளி என்றால் என்ன? வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆசிரியரிடம் கற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அரை நாளில் முடிவது முதல் ஐந்து நாள் நீள்வது வரை பல வகைப் பள்ளிகள் உண்டு. இரண்டு மூன்று நாள் பள்ளிதான் அதிகம். காலையில் பயிற்சித் திடலில் முழு ஸ்விங் (கிளப்பை முழுதாக வீசி அடிப்பது), சாப்பாட்டுக்குப் பிறகு சிப்பிங் (பக்கத்திலிருந்து சின்னதாக எழுப்பி அடிப்பது), பட்டிங் (குழியை நோக்கி உருட்டுவது), மணல் பள்ளம், கடைசியில் ஆசிரியரோடு சில குழிகள் ஆடிப் பார்ப்பது என்பது பரவலான ஏற்பாடு. சிறு குழுவாகத்தான் கற்றுத்தருவார்கள்.

வாராந்தரப் பாடத்தில் ஒரு திருத்தம் சொல்லி அனுப்புவார்கள். அதை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அடுத்த வாரம்தான் தெரியவரும். அதற்குள் அந்தத் தப்பையே நூற்றுக்கணக்கான முறை பழகியிருப்பீர்கள். பள்ளியில் அந்த இடைவெளி கிடையாது. காலையில் சொன்னதை ஆசிரியர் மதியம் சரிபார்ப்பார், மறுநாள் காலை மறுபடி பார்ப்பார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மூன்று நாளில் காதில் விழுவது மூன்று மாதப் பயிற்சிக்குப் போதும். எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. பள்ளியிலிருந்து புது ஸ்விங்கை யாரும் கையில் எடுத்துக்கொண்டு வருவதில்லை. என் ஆட்டத்தில் கோளாறு எது, அதற்கு நான் பழக வேண்டியது எது என்ற தெளிவோடு வரலாம். அது கிடைத்தால் கொடுத்த காசு வீணில்லை.

நான் கிளப்பை, அதாவது பந்தை அடிக்கும் மட்டையை, தொட்டதே இல்லை. வரலாமா?

தாராளமாக. ஒரு விதத்தில் ஆசிரியருக்கு உங்களைப் போன்றவர்தான் சுலபம். பத்து வருடமாகத் தப்பாகப் பிடித்தவரின் கையை மாற்றுவதைவிட, இதுவரை பிடிக்காத கைக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் புதியவர்களுக்கான வகுப்பா, ஏற்கெனவே ஆடுபவர்களுக்கானதா என்று கேட்டுச் சேருங்கள். இரண்டு தரப்பையும் ஒரே குழுவில் போட்டால் இரண்டு பேருக்குமே நஷ்டம்.

முதல் தடவைக்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் பள்ளி போதும். ஐந்து நாள் பள்ளி, தன் பலவீனம் என்னவென்று ஓரளவு தெரிந்தவருக்குத்தான் பயன்படும்.

பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்பது. நான்கு பேருக்கு ஒருவர் என்றால் நன்று. எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் பெரும்பாலான நேரம் நீங்கள் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருப்பீர்கள். அதைக் காசு கொடுக்காமலே செய்யலாம்.

இரண்டாவது, யார் கற்றுத்தருகிறார் என்பது. பள்ளிக்கு ஒரு பிரபல ஆசிரியரின் பெயர் இருக்கும். அவர் அந்த வாரம் திடலில் நிற்பாரா, இல்லை அவரிடம் பயின்றவர்கள் நடத்துவார்களா? பின்னது மோசம் என்று சொல்லவில்லை. பல சமயம் நன்றாகவே இருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஆசிரியர்களுக்குத் தொழில்முறைச் சங்கத்தின் சான்று உண்டா என்றும் கேளுங்கள். பிரிட்டனின் பிஜிஏ 1901இலும் அமெரிக்காவின் பிஜிஏ 1916இலும் தொடங்கியவை. இவையும் இவை போன்ற பிற நாட்டுச் சங்கங்களும் கற்றுத்தருவோருக்கு முறையான பயிற்சி கொடுத்துச் சான்று தருகின்றன. நன்றாக ஆடுவது வேறு, நன்றாகச் சொல்லிக்கொடுப்பது வேறு.

அப்புறம் கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பயிற்சிப் பந்துகள், மைதானக் கட்டணம், வாடகை கிளப், சாப்பாடு, தங்குமிடம், வீடியோப் பதிவு. மழை பெய்தால் என்ன செய்வார்கள்? கூரைக்குள் அடிக்க இடம் உண்டா, வேறு தேதி தருவார்களா? முடிந்த பிறகு ஒரு மாதம் கழித்து வீடியோ அனுப்பினால் பார்த்துச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் தங்குமிடத்தைவிட இதுதான் முக்கியம்.

இன்னும் ஒன்று: அடிப்பது புல்லிலா, ரப்பர் விரிப்பிலா? விரிப்பில் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் பட்டாலும் அது வழுக்கி முன்னேறிப் பந்தை நன்றாகவே கிளப்பிவிடும். புல்லில் அதே அடி மண்ணில் புதைந்து பந்து பத்தடி நகரும். நாள் முழுக்க விரிப்பிலேயே அடிப்பவருக்குத் தன் தப்பு தெரியாமலே போகும்.

சொந்தமாக கிளப் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். பள்ளிக்குப் போகும் முன் புது செட் வாங்குவதைப் போல வீண் செலவு வேறில்லை. தண்டின் நீளம், அதன் வளைவுத்தன்மை, கிளப் தலை தரையோடு அமரும் கோணம் எல்லாம் உங்கள் உயரத்துக்கும் ஸ்விங்குக்கும் பொருந்த வேண்டும். உங்கள் ஸ்விங் என்னவென்று இன்னும் உங்களுக்கே தெரியாதே. பல பள்ளிகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கட்டாயம் தங்களுடையதையே கொண்டுபோக வேண்டும். ஒரு சுற்றில் 14 கிளப்புக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது என்பது விதி; பள்ளிக்கு அத்தனை தேவைப்படாது. மிகத் தூரம் அடிக்க ஒரு டிரைவர், அதற்கடுத்த தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட், நடுத்தூரத்துக்கு 7ஆம் எண் அயர்ன், 9ஆம் எண் அயர்ன், குறுந்தூரத்துக்குப் பிட்சிங் வெட்ஜ், மணலுக்குச் சாண்ட் வெட்ஜ், உருட்டுவதற்குப் பட்டர் இருந்தால் மூன்று நாளும் ஓடிவிடும். கிளம்புவதற்கு முன் பிடியின் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும், அதைப் பார்த்து ஆசிரியர் வேறு நோய்க்கு மருந்து சொல்வார்.

என்ன உடுத்துவது?

காலர் வைத்த டி-ஷர்ட், கையை உயர்த்தினால் இழுக்காத கால்சட்டை, தொப்பி. ஜீன்ஸை அனுமதிக்காத மைதானங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் பிளாஸ்டிக் முள் வைத்த கோல்ஃப் ஷூ நல்லது; இல்லாவிட்டால் தட்டையான, வழுக்காத ஷூ போதும். குதிகால் உயர்ந்த ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம். இடக்கைக்குக் கையுறை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், வியர்வையில் ஒன்று ஊறிப்போகும்.

முதல் நாள் காலையில் என்ன நடக்கும்?

முதலில் பேச்சு. எத்தனை நாளாக ஆடுகிறீர்கள், பந்து வழக்கமாக எந்தப் பக்கம் போகிறது, உடம்பில் எங்காவது வலி உண்டா, வாரத்துக்கு எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய முடியும் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கும் தினமும் திடலுக்குப் போகக்கூடியவருக்கும் ஒரே திருத்தத்தை நல்ல ஆசிரியர் கொடுக்க மாட்டார்.

பிறகு கை கால் உதறி உடம்பைச் சூடாக்கி, நாலைந்து பந்து அடிக்கச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். அதன் பிறகு கிளப்பை வீசவே விடாமல் அரை மணி நேரம் போகலாம். பிடி, நிற்கும் விதம், குறிபார்ப்பு, பந்து வைக்கும் இடம் ஆகிய நான்கையும் சரிபார்ப்பார்கள்.

பிடியில் மூன்று வகை உண்டு. வலது சுண்டுவிரலை இடக்கை விரல்கள்மேல் ஏற்றி வைப்பது ஒன்று. ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஹாரி வார்டன் பிரபலமாக்கியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வலது சுண்டுவிரலையும் இடது ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்வது இன்னொன்று. ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் அப்படித்தான் பிடித்தார்கள். பத்து விரலும் தண்டில் படுவது மூன்றாவது. எது உசத்தி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கிளப் உள்ளங்கையில் குறுக்கே கிடக்கிறதா, விரல்களின் அடியில் ஓடுகிறதா என்பதுதான் விஷயம். உள்ளங்கையில் கிடந்தால் மணிக்கட்டு மடங்காது, பந்துக்கு வேகம் போகாது.

குறிபார்ப்பைச் சோதிக்கத் தரையில் இரண்டு மெல்லிய கம்பிகளைப் போடுவார்கள். ஒன்று இலக்கைப் பார்த்து, இன்னொன்று உங்கள் பாதநுனிக்கு முன்னால். இலக்கை நேராகப் பார்த்து நிற்கிறோம் என்று சத்தியம் செய்யும் ஆள், இருபது அடி வலப்பக்கம் பார்த்து நிற்பதை அந்தக் கம்பி காட்டிவிடும். ஸ்விங்கில் தெரியும் கோணல் பாதியும் அந்தத் தவறான நிலைக்கு உடம்பு தானே செய்துகொண்ட ஈடுகட்டல்தான்.

வீடியோ எடுப்பார்களாமே, திரையில் எண்கள் வேறு வருமாமே. அதெல்லாம் புரியுமா?

கேமராவை இரண்டு இடத்தில் வைப்பார்கள்: உங்கள் மார்புக்கு நேர் எதிரில் ஒன்று, இலக்கை நோக்கிப் பார்க்கும்படி உங்கள் பின்னால் கை உயரத்தில் ஒன்று. வேகத்தைக் குறைத்து ஓட்டிக் காட்டும்போது பலருக்கு அதிர்ச்சிதான். கிளப்பைத் தோளுக்கு மேல் கொஞ்சம்தான் கொண்டுபோனோம் என்று நினைத்திருப்பீர்கள், படத்தில் அது தலைக்குப் பின்னால் தொங்கும். உடம்பு உணர்வதும் நடப்பதும் ஒன்றல்ல என்று புரிய வைப்பதுதான் வீடியோவின் முதல் வேலை.

எண்களைத் தருவது லாஞ்ச் மானிட்டர் என்ற பெட்டி. சில வகை ரேடாரால் அளக்கும், சில வகை கேமராவால். கிளப் வேகம், பந்தின் வேகம், சுழற்சி, எழும்பிய கோணம், கிளப் வந்த பாதை, பந்தில் படும் கணத்தில் கிளப் முகம் (பந்தை அடிக்கும் தட்டைப் பகுதி) பார்த்த திசை என்று திரை நிரம்பிவிடும். புதியவர் கடைசி இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

காரணம் இதுதான். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் கிளப் முகம் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளையும் என்பதை, அந்த முகத்துக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. பந்து பாதையின் திசையில்தான் கிளம்பும் என்று பல பத்தாண்டுகள் நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் ஒழிந்தது.

இதை வைத்து, புதியவர்கள் அதிகம் அவதிப்படும் ஸ்லைஸைப் பாருங்கள். கிளப் இலக்குக்கு 6 பாகை இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது, முகம் 2 பாகை மட்டும் இடப்பக்கம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து லேசாக இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் வளைந்து போய்விடும். பந்து வலப்பக்கம் போவதைப் பார்த்தவர் என்ன செய்வார்? இன்னும் இடப்பக்கம் பார்த்து நின்று, இன்னும் இடப்பக்கம் வீசுவார். பாதைக்கும் முகத்துக்கும் இடைவெளி கூடும், வளைவும் கூடும். ஸ்லைஸ் வருடக்கணக்கில் விடாமல் இருப்பதன் ரகசியம் இந்த ஈடுகட்டல்தான். இந்த ஒரு விஷயத்தை உங்கள் எண்களை வைத்தே காட்டி விளக்கும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பெட்டி இல்லாத பள்ளி என்றால் தாழ்வாக நினைக்க வேண்டாம். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயைக் கிளப் முகத்தில் லேசாக அடித்துவிட்டு ஒரு பந்தை அடித்தால், பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் பதியும். நடுவில் பட்டதா, நுனியிலா, அடியிலா? பத்து பந்து அடித்துப் பத்துத் தடத்தையும் பார்த்துவிட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

என் ஸ்விங்கையே மொத்தமாக மாற்றிவிடுவார்களா?

நல்ல பள்ளியில் மாற்ற மாட்டார்கள். மூன்று நாளில் முழு ஸ்விங்கையும் மாற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒன்று அல்லது இரண்டு திருத்தம், அவற்றுக்கு நாலைந்து பயிற்சிமுறை, அவ்வளவுதான்.

பாடப்புத்தகப்படி அழகாக இருந்தால்தான் ஸ்விங் என்றில்லை. அமெரிக்கத் தொழில்முறை வீரர் ஜிம் ஃப்யூரிக் கிளப்பை மேலே கொண்டுபோகும் வழி ஒன்று, கீழே இறக்கும் வழி வேறு. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். அவர் 2003இல் யூஎஸ் ஓப்பன் வென்றார், 2016இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரான பிஜிஏ டூரில் அவருக்கு முன் யாரும் அவ்வளவு குறைவாக ஆடியதில்லை. கிளப் முகம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பந்தைச் சந்திக்கிறது என்பதே அவர் பலம்.

எல்லா மாணவருக்கும் ஒரே அச்சில் ஒரே ஸ்விங்கைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. அந்த முறை உங்கள் உடம்புக்கு ஒத்துவந்தால் சரி. இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும்போது முன்பைவிடக் குழப்பம் கூடியிருக்கும்.

தூரமாக அடிக்கக் கற்க வந்தேன். பட்டிங்குக்கும் சிப்பிங்குக்கும் ஏன் பாதி நாளைக் கொடுக்கிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். 18 குழிக்கும் சேர்த்து 72 அடி என்பது வழக்கமான பார், அதாவது தேர்ந்தவரிடம் எதிர்பார்க்கும் கணக்கு. அதில் ஒவ்வொரு கிரீனிலும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) இரண்டு பட் என்று 36 அடியை ஒதுக்கித்தான் அந்த எண்ணையே வகுத்திருக்கிறார்கள். அதாவது சரிபாதி. டிரைவரை ஒரு சுற்றில் அதிகம் போனால் 14 தடவை எடுப்பீர்கள்.

பட்டிங்கில் முதலில் சொல்லித்தருவது தூரம், திசை அல்ல. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். முப்பது அடி தொலைவிலிருந்து பந்து குழிக்கு ஓரடி இடமோ வலமோ போனால் கவலையில்லை, அடுத்ததைத் தட்டிவிடலாம். ஆறடி கடந்து போனால் மூன்றாவது பட் வர நிறைய வாய்ப்பு. அதனால் இருபது, முப்பது, நாற்பது அடியிலிருந்து மாறி மாறி உருட்டச் சொல்வார்கள். குட்டைப் பட்டுக்கு, பட்டர் தலையைவிடச் சற்றே அகலமாக இரண்டு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சின்ன ஆணி) தரையில் ஊன்றி, அந்த வாசல் வழியாக அடிக்கச் சொல்வார்கள். டீயில் தட்டினால் சத்தமே சொல்லிவிடும்.

சிப்பிங்கில் புதியவர் செய்யும் காரியம் ஒன்று உண்டு: பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மணிக்கட்டை மடக்கிக் கரண்டியால் அள்ளுவது போல அடிப்பது. கிளப்பின் சாய்வே பந்தைத் தூக்கும், நீங்கள் தூக்க வேண்டியதில்லை. இதை நம்ப மனம் கொள்ளும்வரை அரை நாள் போகத்தான் செய்யும்.

மணல் பள்ளத்தைப் பார்த்தாலே பயம். அதையும் சொல்லித்தருவார்களா?

ஆம், பள்ளியில் சீக்கிரம் பலன் தெரியும் பாடம் பல சமயம் இதுதான். கோல்ஃபில் பந்தை அடிக்காமலே ஆடும் அடி இது. பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் கிளப்பை இறக்கினால், மணல் பந்தைத் தூக்கி எறியும். ஆசிரியர் மணலில் ஒரு கோடு கீறி, பந்தே வைக்காமல் அந்தக் கோட்டில் கிளப் பட மணலை வாரி வெளியே வீசச் சொல்வார். அது கைவந்த பிறகுதான் பந்து.

சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் தடித்து உருண்டிருப்பது மணலில் கிளப் புதையாமல் வழுக்கிப் போவதற்காக. ஜீன் சாரசன் 1930களின் தொடக்கத்தில் இப்படி ஒன்றை உருவாக்கி, 1932 பிரிட்டிஷ் ஓப்பனில் பயன்படுத்தி வென்றார். பெரும்பாலானோர் அந்த அடிப்பாகத்தைப் பயன்படுத்தாமல் கூர்விளிம்பால் மணலைத் தோண்டுகிறார்கள். கிளப் முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பித் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஒரு விதி: ஆட்டத்தின்போது அடிப்பதற்கு முன் பந்துக்குப் பின்னால் கிளப்பை மணலில் ஊன்றக் கூடாது, ஒத்திகை ஸ்விங்கில் மணலைத் தொடவும் கூடாது. தொட்டால் இரண்டு அடி தண்டனை.

மைதானத்தில் ஆடிப் பார்க்கும் பாடம் எதற்கு?

திடலில் நன்றாக அடிப்பவர் மைதானத்தில் தடுமாறுவது ஏன் என்று ஆசிரியர் நேரில் பார்க்க. திடலில் நிலம் சமமாக இருக்கும், ஒரு அடி போனால் அடுத்த பந்து தயாராக இருக்கும். மைதானத்தில் பந்து சரிவில் கிடக்கும், முன்னால் தண்ணீர் இருக்கும், ஒரே ஒரு வாய்ப்பு.

இங்கே ஆசிரியர் ஸ்விங்கைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ‘கொடிக்கம்பத்தை ஏன் குறிவைத்தீர்கள், கிரீனின் நடுவை ஏன் வைக்கவில்லை?’ என்பது போன்ற கேள்விகள்தான் வரும். மரத்துக்கு நடுவே நான்கு அடி சந்து தெரிகிறது என்று அதில் அடிப்பவரைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கச் சொல்வார். இதற்கு ஸ்விங்கே மாற வேண்டாம், ஸ்கோர் அன்றைக்கே குறையும். மைதானப் பாடம் இல்லாத பள்ளியில் என் நண்பர்களைச் சேரச் சொல்ல மாட்டேன்.

விதிகளெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

முழுக்க வேண்டாம். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏவும் சேர்ந்து விதிகளை வகுக்கின்றன. 2019இல் அவை நிறைய எளிதாக்கப்பட்டன. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. தண்டனையோடோ இல்லாமலோ பந்தை எடுத்து வேறு இடத்தில் கீழே போடும்போது முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும். கிரீனில் பட் செய்யும்போது கொடிக்கம்பம் குழியிலேயே இருக்கலாம். அடிக்கும் எண்ணத்தோடு வீசி பந்து படாமல் போனாலும் அது ஒரு அடிதான். காற்றை அடித்ததாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நடத்தைதான் அதைவிட அவசரமாகக் கற்க வேண்டியது. வீசுபவரின் பின்னாலோ பக்கத்திலோ நிற்காதீர்கள். கிரீனில் இன்னொருவரின் பந்துக்கும் குழிக்கும் இடையே நடக்காதீர்கள். பெயர்ந்த புல்பத்தையைத் திரும்ப வையுங்கள், மணலை வாரிச் சமன்செய்யுங்கள். பந்து ஆள்கள் பக்கம் பறந்தால் வெட்கப்படாமல் ‘ஃபோர்!’ என்று கத்துங்கள். இடி கேட்டால் கிளப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போங்கள், ஒரு குழி முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள்.

உடம்பு தாங்குமா?

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஐம்பது பந்து அடிப்பவர் பள்ளியில் ஒரே நாளில் முந்நூறு அடித்துவிடுவார். முதலில் போவது கைத்தோல், அடுத்தது கீழ்முதுகு, பிறகு முழங்கை. கொப்புளம் வரும் முன்பே விரலுக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வந்த பிறகு சுற்றினால் பிடி மாறிவிடும். பக்கத்துப் பந்தை இழுத்து இழுத்து அடிக்காமல் ஒவ்வொரு அடிக்கும் இடையே பின்னால் போய் மூச்சு விடுங்கள். முதல் நாள் மதியத்துக்கு மேல் களைப்பில் அடிக்கும் பந்துகளால் லாபமில்லை, பட்டிங் திடலுக்குப் போய்விடலாம். முதுகில் பழைய வலி இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நிற்கும் விதத்தையும் சுழற்சியையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க முடியும்.

மற்றவர்கள் முன் அசிங்கப்பட்டுவிட மாட்டேனா?

யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை. பக்கத்தில் நிற்பவர் தன் பந்து எங்கே போனது என்ற கவலையில் இருப்பார்.

நான் இடக்கையன். பள்ளியில் கவனிப்பார்களா?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாடகை கிளப் கிடைப்பதில்தான் சிக்கல் வரும். கற்பதில் ஒரு குறையும் இல்லை. ஆசிரியர் உங்களுக்கு எதிரே நின்று காட்டினால் கண்ணாடியில் பார்ப்பது போல வசதிதான். பாப் சார்ல்ஸ் இடக்கையால் ஆடி 1963இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். ஃபில் மிக்கல்சன் மற்ற வேலைகளுக்கு வலக்கையர், கோல்ஃப் மட்டும் இடக்கை. ஆகவே எழுதும் கைதான் ஆடும் கை என்று விதியில்லை. இரண்டு பக்கமும் சில பந்து அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முடிந்து வந்ததும் ஸ்கோர் குறையுமா?

முதல் சில வாரம் கூடலாம். கையை மாற்றிப் பிடிக்கிறீர்கள், புது இடத்தில் பந்தை வைக்கிறீர்கள், வீசும்போது ஆசிரியர் சொன்னது மண்டையில் ஓடுகிறது. இந்தக் கட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ‘பழையதே தேவலாம்’ என்று திரும்பிப் போகிறார்கள், அப்புறம் பள்ளியைக் குறை சொல்கிறார்கள். பட்டிங், மணல் பள்ளம், எதைக் குறிவைப்பது என்ற முடிவு ஆகியவற்றில் பலன் உடனே தெரியும். முழு ஸ்விங்குக்குப் பொறுமை வேண்டும். பள்ளி முடிந்த வாரமே போட்டியில் பெயர் கொடுக்காதீர்கள்.

ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) இல்லை என்று தயங்குபவர்களுக்கு: 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் 54.0 வரை எண் தருகிறார்கள். புதியவரும் பெற்றுக்கொள்ளலாம், முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

திரும்பி வந்த பிறகு எப்படிப் பழகுவது?

சித்திரமும் கைப்பழக்கம் என்பது சரி, எப்படிப் பழகுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலானோர் ஒரே கிளப்பால் ஒரே இலக்கை நோக்கி ஐம்பது பந்து அடிப்பார்கள். நாற்பதாவது பந்து அருமையாகப் போகும், கற்றுவிட்டோம் என்று தோன்றும். மறுநாள் காணாமல் போயிருக்கும். 1979இல் ஷேயும் மார்கனும் செய்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கை அசைவுகளை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும், பின்னால் சோதித்தபோது அவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். எனவே புதுத் திருத்தத்தை முதல் இருபது பந்துக்கு மட்டும் ஒரே மாதிரி அடித்துப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள். டிரைவர், 7 அயர்ன், வெட்ஜ் என்று கற்பனையாக ஒரு குழியையே ஆடிப் பார்க்கலாம்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கேப்ரியேல வுல்ஃப் குழுவினர் 1999இல் புதியவர்களைக் குறுந்தூர அடி அடிக்கவைத்துப் பார்த்தார்கள். கையின் அசைவில் கவனம் வைத்தவர்களைவிட, கிளப்பின் அசைவில் கவனம் வைத்தவர்கள் இலக்குக்குப் பக்கமாக அடித்தார்கள். ஆசிரியர் ‘முழங்கையை ஒட்டி வை’ என்று சொல்லியிருந்தால், ‘இதைக் கிளப் எங்கே போக வேண்டும் என்று மாற்றிச் சொல்ல முடியுமா?’ என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதுவது என்றதும் நினைவுக்கு வருகிறது: கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஆசிரியரிடமே ‘இன்றைக்கு எனக்கு ஒரே ஒரு விஷயம் என்றால் அது எது?’ என்று கேட்டு, அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் கைபேசியில் சரியாக வந்த ஒரு ஸ்விங்கைப் படமெடுக்கச் சொல்லுங்கள். பலர் மோசமான ஸ்விங்கைத்தான் சேமித்து வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து என்ன கற்பது?

ஒரு ஆசிரியர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். யாரை நம்புவது?

ஒரே பள்ளிக்குள் இப்படி நடந்தால் இருவரையும் சேர்த்து நிறுத்திக் கேட்டுவிடுங்கள், அது உங்கள் உரிமை. பல சமயம் ஒரே விஷயத்தை வேறு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். வெளியே இணைய வீடியோக்களில் வரும் அறிவுரையை மட்டும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். அது யாரோ ஒருவரின் ஸ்லைஸுக்குச் சொன்ன மருந்து. உங்கள் பந்து இடப்பக்கம் வளைகிறதென்றால் அதே மருந்து நோயைக் கூட்டும்.

மறுபடி எப்போது போகலாம்?

முதலில் சொன்ன திருத்தம் யோசிக்காமலே வரத் தொடங்கிய பிறகு. சிலருக்கு அது மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடம். இடையில் அதே ஆசிரியரிடம் ஒரு மணி நேரப் பாடம் ஓரிரண்டு எடுத்துக்கொள்வது, புதிதாக இன்னொரு பள்ளியில் சேர்வதைவிட மலிவு. போகும்போது பழைய வீடியோ, நோட்டு, கடைசியாக ஆடிய ஐந்து சுற்றுகளின் ஸ்கோர் கார்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை பட் என்று குறித்திருந்தால், எங்கே தொடங்குவது என்று ஆசிரியர் உங்களைக் கேட்கவே வேண்டியிருக்காது.